வயதான மட்டக் குதிரையைச் சினைப்படுத்துவதா, விடுவதா? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

"குதிரைக்கு 17 வயது. ஒரே ஒரு ஈத்து, அதுவும் வெகு நாளைக்கு முன்னால். நல்ல குணம், நல்ல நடை. இவளிடமிருந்து இன்னொரு குட்டி எடுக்க ஆசை. பொலி குதிரையிடம் விட்டும் சினை நிற்கவில்லை. ஊசி போட்டுப் பார்க்கலாமா, சினை ஊசிக்குப் போகலாமா, இல்லை விட்டுவிடலாமா?"

வயதும் ஊரும் மாறினாலும் மட்டக் குதிரை வைத்திருப்பவர்களின் கேள்வி பெரும்பாலும் இதுதான். இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. சினை ஏன் நிற்கவில்லை? சினை நின்றால் குதிரை தாங்குமா? பிறக்கப்போகும் குட்டி எதற்கு? பலர் முதல் கேள்விக்கே விடை தெரியாமல் மருந்துக்குச் செலவழிக்கிறார்கள். எந்தச் சிகிச்சையும் ஒரு குறிப்பிட்ட கோளாறைத்தான் சரிசெய்யும். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் எவ்வளவு செலவழித்தாலும் வீண்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

குதிரையின் உடல். இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இதில் தேறாவிட்டால் மற்றதைப் பார்க்க வேண்டியதே இல்லை. மட்டக் குதிரைகள் கொஞ்சத் தீனியிலேயே கொழுத்துவிடும். கொழுத்த, இன்சுலின் கோளாறு உள்ள குதிரைக்குக் குளம்பு அழற்சி வரும். வயது ஏற ஏற, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெட்டு, முடி நீண்டு உதிராமல் நிற்கும் நோயும் சேர்ந்துகொள்ளும். இவற்றோடு பதினோரு மாதச் சினையும் சேர்ந்தால் குளம்பு படும் பாடு கொடுமை.

மட்டக் குதிரைக்கும் கழுதைக்கும் இன்னொரு ஆபத்தும் உண்டு. சினையின் கடைசி மாதங்களில் ஏதோ காரணத்தால் ஓரிரு நாள் தீனி எடுக்காமல் நின்றால், உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து இரத்தத்தில் நிரம்பி ஈரலைக் கெடுத்துவிடும். இதில் இறப்பு அதிகம். "சினையாக இருக்கும்போது கொஞ்சம் இளைக்க வைத்துக்கொள்ளலாம்" என்பது மாட்டில் எப்படியோ, மட்டக் குதிரையில் செய்யவே கூடாத வேலை. இளைக்க வைப்பதென்றால் சேர்க்கைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பல ஈத்து கண்ட முதிய குதிரைக்குக் குட்டி போடும்போது கருப்பைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் கிழிவதும் நடக்கிறது. அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் பிழைப்பது கடினம்.

கோளாறு எங்கே. யோனி வாசலிலா, கருப்பையிலா, முட்டையிலா? இதற்குத்தான் பரிசோதனை.

இவளுடைய குட்டியேதான் வேண்டுமா. நல்ல குணமுள்ள மட்டக் குதிரை வேண்டும் என்பது ஒரு தேவை, இந்த இரத்தம் தொடர வேண்டும் என்பது வேறொரு தேவை. இரண்டுக்கும் வழி வேறு.

ஸ்கேன் வைத்திருக்கும் டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார். குதிரை பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். மாட்டுச் சினை ஊசியில் கைதேர்ந்தவர் எல்லோரும் குதிரைக்கும் சரிப்பட மாட்டார்கள்.

பணமும் காலமும் கடைசி. அவை முக்கியமில்லை என்பதல்ல, மேலே உள்ளவை தெரிந்தால்தான் அவற்றைக் கணக்குப் போடவே முடியும்.

## சிகிச்சைக்கு முன் பரிசோதனை

பெட்டைக் குதிரையின் பருவச் சுழற்சி 21, 22 நாள். அதில் ஐந்திலிருந்து ஏழு நாள் பருவத்தில் இருக்கும். பருவம் முடிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு முட்டை வெளிவரும். தனியாக ஒரே பெட்டையை வைத்திருப்பவர்களுக்குப் பருவமே கண்ணில் படாது. வால் தூக்குவது, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுவது எல்லாம் ஆண் குதிரை பக்கத்தில் இருந்தால்தான் நன்றாகத் தெரியும். "பருவத்துக்கே வருவதில்லை" என்று கொண்டுவரப்படும் குதிரைகளில் சில ஒழுங்காகப் பருவத்தில்தான் இருக்கின்றன. நம் ஊரில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை, கோவையில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேர வித்தியாசம்தான். அதனால் ஐரோப்பாவில் குளிர்காலத்தில் லாயத்தில் விளக்கெரித்துப் பருவத்தை முன்னால் இழுக்கும் ஏற்பாடு இங்கே பெரிதாகத் தேவைப்படாது.

பரிசோதனை வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் வாசல். வயதான, இளைத்த குதிரைகளில் ஆசனவாய் உள்ளே இழுத்துக்கொள்ள, யோனி உதட்டின் மேல்பகுதி சாய்ந்துவிடும். சாணம் அதன் மேலேயே வழியும், காற்று உள்ளே போகும். உதடுகளை மெல்லப் பிரிக்கும்போது காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் காரணத்தில் பாதி தெரிந்துவிட்டது. மேல்பகுதியைத் தைத்து மூடும் ஒரு சிறு அறுவையே இதற்குப் போதும். 1937இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவரின் பெயரால் கேஸ்லிக் தையல் என்பார்கள். இந்தப் பட்டியலிலேயே மலிவான சிகிச்சை இதுதான். குட்டி போடும் முன் தையலைப் பிரிக்க மறந்தால் மட்டும் கிழிந்துவிடும்.

அடுத்தது ஸ்கேன். கருப்பையில் நீர் தேங்கியிருக்கிறதா, கட்டி இருக்கிறதா, முட்டைப்பை வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கருப்பையிலிருந்து பஞ்சில் எடுத்த மாதிரியில் கிருமியும் அழற்சி அணுக்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று கருப்பைக்குள் ஆன்டிபயாட்டிக் விடுவது பரவலான பழக்கம். திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் கிருமி போய்ப் பூஞ்சை வரும், அதை ஒழிப்பது இன்னும் கஷ்டம்.

கடைசியாகக் கருப்பைச் சுவரிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பார்ப்பது. பயாப்ஸி என்றதும் பலர் பயப்படுகிறார்கள், குதிரைக்கு அதில் பெரிய வலி இல்லை. வயதான குதிரையில் இதைத் தவிர்ப்பது எனக்குப் புரிவதே இல்லை. முடிவை நான்கு தரமாகப் பிரிப்பார்கள். முதல் தரத்தில், நல்ல பராமரிப்போடு குட்டி கிடைக்கும் வாய்ப்பு 80 முதல் 90 சதவீதம். இரண்டாம் தரத்தின் அ பிரிவில் 50 முதல் 80, ஆ பிரிவில் 10 முதல் 50. மூன்றாம் தரத்தில் சுமார் 10 சதவீதமோ அதற்கும் குறைவோ. சுவர் தழும்பேறிப் போயிருந்தால் அதை மாற்ற மருந்து கிடையாது. இந்த ஒரு தாள் கையில் இருந்தால் கீழே உள்ள நான்கு வழிகளில் இரண்டு தானாகவே கழன்றுவிடும்.

பயாப்ஸி சொல்லாத ஒன்று முட்டையின் தரம். முதிய குதிரையிலும் முட்டை கருவுறுவது பெரும்பாலும் நடக்கிறது, முதல் இரண்டு வாரத்துக்குள் அந்தக் கரு அழிந்துபோவதுதான் அதிகம். முதிய குதிரைகளின் கருவை இளம் குதிரையின் வயிற்றில் வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் அவை குறைவாகவே தங்கின. அதாவது கோளாறு கருப்பையில் மட்டும் இல்லை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மருத்துவமனைகள் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய இடங்களில் உள்ளன. வண்டி ஏற்றும் முன், குதிரைக்கு இந்தச் சோதனைகளில் எவை எப்போது செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

## வழி 1: சிகிச்சையோடு நேரடிச் சேர்க்கை

பொலி குதிரை பக்கத்து ஊரில் இருந்து, உங்கள் குதிரையின் கருப்பையும் நன்றாக இருந்தால் எளிமையான வழி இதுதான். விந்து புதிது, கருவி தேவையில்லை.

கவனிக்க வேண்டியது, சேர்க்கைக்குப் பிறகு வரும் அழற்சி. விந்து உள்ளே போனதும் எல்லாப் பெட்டைக்கும் கருப்பையில் அழற்சி வரும். இளம் குதிரை ஓரிரு நாளில் அதை வெளியே தள்ளிவிடும். முதிய குதிரையின் கருப்பை தொய்ந்து கீழே இறங்கி, மழைக்குப் பின் தாழ்வான வயலில் நிற்கும் தண்ணீர்போல அழுக்கு நீர் தேங்கிவிடும். ஐந்தாறு நாளில் கரு வந்து இறங்கும்போது அங்கே பிழைக்க இடம் இருக்காது. முதிய குதிரை முதல் முறையாகச் சேர்க்கப்படுகிறது என்றால் இன்னும் மோசம், கருப்பை வாய் சரியாகத் திறக்காமல் நீர் உள்ளேயே அடைபட்டுக்கொள்ளும். "இதுவரை குட்டியே போடவில்லை, அதனால் உடம்பு கெடாமல் இருக்கிறது" என்பது தவறான கணக்கு.

சேர்க்கை முடிந்து நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் கருப்பையை ரிங்கர் லாக்டேட் போன்ற திரவத்தால் கழுவி, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு அழுக்கை வெளியேற்றுவார்கள். தேவையான விந்தணுக்கள் நான்கு மணி நேரத்துக்குள் கருக்குழாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுவதால் கழுவுவதில் நஷ்டம் இல்லை. இதனால் ஒரு பருவத்தில் ஒரே ஒரு சேர்க்கை, அதுவும் முட்டை வெளிவரும் நேரத்தையொட்டி, என்று வைத்துக்கொள்ள வேண்டும். நேரத்தைக் குறிப்பது ஸ்கேன். முட்டை வெளிவர ஊசி போட்டால் ஏறக்குறைய 36 முதல் 48 மணி நேரத்தில் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்த்துக்கொண்டே இருப்பது முதிய குதிரைக்கு ஆகாது.

மறைந்திருக்கும் செலவுகள்: பயணம், பொலி லாயத்தில் தங்கும் தீனிக் காசு, உதை வாங்கிக் காயப்படும் ஆபத்து, தொற்று. கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் மனிதருக்கும் பரவும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். இரு பக்கமும் இரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் சேர்க்க வேண்டாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற பொலிக்காரரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

பெரிய பொலி குதிரையைச் சேர்த்தால் குட்டி வயிற்றில் சிக்கிக்கொள்ளும் என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை. 1938இல் கேம்பிரிட்ஜில் வால்டனும் ஹேமண்டும் ராட்சத ஷயர் குதிரையையும் குள்ளமான ஷெட்லாண்டையும் இரு பக்கமும் கலந்து பார்த்தார்கள். ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்த குட்டிகள் ஏறக்குறைய ஷெட்லாண்ட் அளவிலேயே பிறந்தன. பிறக்கும் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது தாயின் கருப்பை. அதற்காக வயதானவளிடம் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை, உயரம் நெருங்கியதாகவே பாருங்கள்.

## வழி 2: சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல்

பயணமும் உதையும் இதில் இல்லை. கேஸ்லிக் தையலைப் பிரிக்காமலே செய்யலாம். ஆனால் சினை ஊசி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு காரியங்கள் நடக்கின்றன.

புதிதாக எடுத்த விந்து கிட்டத்தட்ட நேரடிச் சேர்க்கைக்குச் சமம், சுத்தம் கூடுதல். குளிர்வித்து அனுப்பும் விந்து ஒன்றிரண்டு நாள் தாங்கும். கொரியர் தாமதமானால் ஒரு பருவம் போச்சு. உறைவிந்துதான் முதிய குதிரைக்குச் சோதனை. உருக்கிய விந்தணு சில மணி நேரமே தாங்கும் என்பதால், முட்டை வெளிவந்து ஆறு மணி நேரத்துக்குள்ளாவது செலுத்தியாக வேண்டும். அதற்கு இரவும் பகலும் திரும்பத் திரும்ப ஸ்கேன். போதாததற்கு, உறைவிந்து கிளப்பும் அழற்சி புதிய விந்தைவிட அதிகம். ஏற்கெனவே நீர் தேங்கும் கருப்பைக்கு இது மேலும் சுமை.

எனவே சிறந்த தகப்பன் வேண்டும் என்பதற்காக வெகுதூரத்து உறைவிந்தை முதிய பெட்டைக்கு வாங்குவது, பலவீனமான பக்கத்தில் போய்ப் பந்தயம் கட்டுவது. பக்கத்திலிருக்கும் சுமாரான பொலியின் புதிய விந்து இந்த வயதில் நல்ல தேர்வு. உறைவிந்தை இளம் குதிரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"சினை தங்குவதற்கு" என்று புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் கொடுக்கும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு உதவலாம். கிருமி உள்ள கருப்பையில் கொடுத்தால் வாய் மூடிக்கொண்டு எதிர்ப்பும் குறைந்து, தொற்று உள்ளேயே வளரும். கரு இறந்த பிறகும் தெரியாமல் மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது. கொடுப்பதானால் ஸ்கேனோடு சேர்த்துத்தான்.

## வழி 3: கரு மாற்று, அதாவது வாடகைத்தாய்

முதிய குதிரையைச் சேர்த்து, முட்டை வெளிவந்த ஏழெட்டு நாளில் கருப்பையைக் கழுவிக் கருவை எடுத்து, இளம் குதிரையின் கருப்பையில் வைப்பது. சினைப் பாரமும் ஈத்து ஆபத்தும் உங்கள் குதிரைக்கு இல்லை. இந்தியாவில் இது முடியாத காரியம் இல்லை. தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் நிலையத்தில் 2023 மே மாதம் கருமாற்று முறையில் ஒரு மார்வாரிக் குட்டி பிறந்தது. ராஜ் பிரதம் என்று பெயர் வைத்தார்கள். அதற்காகப் பக்கத்து மருத்துவமனையில் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இதில் ஏமாற்றம் எங்கே வருகிறது என்றால், கருமாற்று கருப்பையைத்தான் தாண்டிப் போகிறது, முட்டையின் வயதை அல்ல. கழுவினால் கரு கிடைக்காமலே போவது முதிய குதிரையில் அதிகம். மாட்டைப்போல ஊசி போட்டு ஒரே தடவையில் நிறைய முட்டை எடுக்கலாம் என்பதும் குதிரையில் சரியாக நடப்பதில்லை. கரு எடுக்கும் வரையாவது கருப்பை சுத்தமாக இருக்கவும் வேண்டும்.

செலவு? முட்டை வெளிவரும் நாள் இரண்டு குதிரைக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் ஒரு வாடகைத்தாய் போதாது, இரண்டு மூன்று தயாராக இருக்க வேண்டும். சினை நின்றவளுக்குப் பதினோரு மாதத் தீனி, பிறகு பால்குடி மறக்கும் வரை. வாடகைத்தாய் பெரிய உருவமாக இருந்தால் குட்டியும் பெரிதாகப் பிறக்கும், குட்டையான குட்டிதான் வேண்டும் என்றால் வாடகைத்தாயும் குட்டையாகவே இருக்க வேண்டும்.

முட்டையை நேரடியாக உறிஞ்சி ஆய்வகத்தில் கருவாக்கும் முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்திருக்கிறது. மட்டக் குதிரை வைத்திருக்கும் நம் ஊர்க்காரருக்கு இன்றைக்கு அது கணக்கில் வராது.

## வழி 4: சினைப்படுத்தாமல் விடுவது, அல்லது வேறு குட்டி வாங்குவது

தோற்றவர்களின் வழி என்று இதைக் கடைசியில் தள்ளுகிறார்கள். என் பார்வையில் கேள்வி கேட்பவர்களில் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து சேர வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது: அவளுக்கு ஏற்கெனவே பெண் குட்டி பிறந்திருந்தால் அது எங்கே இருக்கிறது? அது இப்போது வளர்ந்த பெட்டையாக இருக்கும். விற்றிருந்தால் வாங்கியவரைத் தேடிப் பிடித்து, அந்தப் பெட்டையிடமிருந்து ஒரு குட்டிக்குப் பேசலாம். இரத்தம் தொடர்கிறது, முட்டையும் கருப்பையும் இளமையானவை. இதைக் கேட்டதும் "அட, ஆமாம்" என்பவர்கள் நிறைய.

குணமுள்ள குதிரைதான் தேவை என்றால் சந்தைக்குப் போங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் எத்தனையோ உருவத்தில் குதிரைகள் வரும். சுழி பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் பல்லைப் பார்த்து வயதைக் கேளுங்கள், குளம்பைத் தூக்கிப் பாருங்கள், கிளாண்டர்ஸ் சான்றைக் கேளுங்கள். வாங்கும் குட்டி உங்கள் கண்முன் நிற்கிறது. வயிற்றிலிருக்கும் குட்டி ஆணா பெண்ணா, அம்மாவின் குணமா அப்பாவின் குணமா என்று யாருக்குத் தெரியும்?

பிறக்கும் குட்டிக்கு இடம் இருக்கிறதா என்பதும் இங்கே வருகிறது. மட்டக் குதிரை முப்பது வயது வரைகூட இருக்கும். உதகையில் உரிமையாளர் கைவிட்டுத் தெருவில் குப்பை மேயும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியிலும் உண்டு. வாங்கும் குட்டியின் வளர்ப்பும் தடுப்பூசியும் எப்படி இருந்தன என்பது தெரியாது, பழக்கத் தொடங்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும், புதிதாக வருவதைச் சில வாரம் தனியே கட்ட இடம் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | நேரடிச் சேர்க்கை | சினை ஊசி | கரு மாற்று | வேறு குட்டி |
|---|---|---|---|---|
| தாய்க்கு ஆபத்து | சினை, ஈத்து, பயணம், உதை | சினை, ஈத்து | குறைவு | இல்லை |
| கெட்ட கருப்பை | பெரிய தடை | பெரிய தடை, உறைவிந்தில் மேலும் | ஓரளவு தாண்டலாம் | பொருட்டில்லை |
| கிழட்டு முட்டை | தடை | தடை | தடை | பொருட்டில்லை |
| டாக்டர் வேலை | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் | வாங்கும்போது மட்டும் |
| செலவு | நான்கில் நடுத்தரம் | உறைவிந்தில் ஏறும் | எல்லாவற்றிலும் அதிகம் | முன்கூட்டியே தெரியும் |
| எப்போது சரி | பயாப்ஸி நல்லது, பொலி பக்கம் | பயணம் முடியாது, புதிய விந்து கிடைக்கும் | அரிய இரத்தம், ஈத்து தாங்காத உடல் | மற்ற எல்லா நேரமும் |

## எங்கே நிறுத்துவது

முயல்வதென்று முடிவானால் எத்தனை பருவம் என்பதைத் தொடங்கும் முன்பே டாக்டரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பருவம் நியாயமான எல்லை என்பேன். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எது மாறப்போகிறது என்று கேளுங்கள். "அதையே இன்னொரு தடவை" என்பது பதிலாக இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். குளம்பு அழற்சி தலைகாட்டினால் எண்ணிக்கை பார்க்காமல் நிறுத்துங்கள்.

காலக் கணக்கு இப்படி: சினைக் காலம் சுமார் 340 நாள். பிப்ரவரி, மார்ச்சில் சேர்த்தால் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி. கோடை உச்சமும் ஐப்பசி மழைச் சேறும் தப்பும்.

முட்டை வெளிவந்த 14 முதல் 16 நாளுக்குள் முதல் ஸ்கேன் கட்டாயம். இரட்டைக் கரு இருந்தால் ஒன்றை நீக்க அதுதான் நேரம், இரட்டையைச் சுமக்க விட்டால் பெரும்பாலும் இரண்டும் போய்விடும். நான்கு வாரத்தில் இதயத் துடிப்பு பார்க்க இன்னொரு ஸ்கேன். கரு 35 நாளைத் தாண்டிய பிறகு கலைந்தால், கருப்பையில் உருவாகும் ஒரு ஹார்மோன் சுரப்பு மாதக்கணக்கில் தொடர்ந்து, குதிரையை ஒழுங்கான பருவத்துக்கு வர விடாது. அந்த ஆண்டு அத்தோடு போனது.

குட்டி போடும் இரவுக்கு இரண்டு ஏற்பாடுகள். பனிக்குடம் உடைந்த பின் இருபது முப்பது நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும் என்பதால், டாக்டரின் எண்ணும் வண்டியும் முன்பே தயாராக இருக்க வேண்டும். முதிய குதிரையின் சீம்பாலில் எதிர்ப்புச் சத்து குறைவாக இருக்கலாம், குட்டியின் குடல் அதை உறிஞ்சுவதும் முதல் நாளோடு நின்றுவிடும். பக்கத்து லாயத்தில் அதே பருவத்தில் ஈன்ற இளம் குதிரை இருந்தால், அதன் சீம்பாலில் கொஞ்சம் கறந்து உறைய வைத்துத் தரச் சொல்லி இப்போதே பேசி வையுங்கள்.